மணி கட்டிக் கிடந்த நாட்கள்

ராயப்பராஜின் உடம்பைப் பார்த்தால், கோயில் மணியை அவர் இழுக்கிறாரா, மணி அவரை இழுக்கிறதா என்று சந்தேகம் வரும். திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் வழியில் இருந்த ஒரு மாதா கோயிலின் கோயில்பிள்ளை அவர். கூட்டிப் பெருக்குவது, மெழுகுதிரி ஏற்றுவது, மூன்று வேளையும் மணி அடிப்பது எல்லாம் அவர் வேலை. நாற்பதை நெருங்கும் வயதில், 1964-ல், ஒரு பெண் பிறந்தது. ஜெயமேரி என்று ஞானஸ்நானம் கொடுத்த வாரமே, அவர் இருமிய துண்டில் ரத்தம் தெரிந்தது.

மனைவி செபஸ்தியம்மாளையும் கைப்பிள்ளையையும் அவள் அண்ணன் வந்து கொடைரோட்டுக்குக் கூட்டிப் போனார். டி.பி. என்றால் சொந்தக்காரனே தள்ளி நின்று பேசிய காலம், அவரைக் குறை சொல்ல முடியாது. பஸ் ஏறும்போது செபஸ்தியம்மாள் சொன்னாள்: "சொகமாகி வந்து எங்களக் கூட்டிட்டுப் போங்க. இவ அப்பான்னு கூப்பிட்டா ஏன்னு கேக்க ஆளு வேணும்."

அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் மனிதர் பிழைக்க ஆசைப்பட்டார்.

திண்டுக்கல் டாக்டர் மாத்திரையோடு தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி என்றார். "மத்த நோய்க்காரவுக நாலு ஊசியில எந்திரிச்சிர்றாக. எனக்கு மட்டும் ஏன்யா மாசக்கணக்கா?" என்று கேட்டார் ராயப்பராஜ்.

டாக்டர் புதிதாகப் படித்ததைச் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்தவர் போலும். "கிருமி பெருகணும்னா புரதம் செய்யணும். செய்யுற எடத்துக்கு ரைபோசோம்னு பேரு. அடுப்புன்னு வச்சுக்குங்க. வேகமாப் பெருகுற கிருமிக்குள்ள கல்யாண வீட்டு மாதிரி அம்புட்டு அடுப்பும் எரியும். அரை மணியில ஒண்ணு ரெண்டாயிரும். உங்க கிருமிக்கு அடுப்பு கொஞ்சம், சமையலும் மெதுவு. ஒண்ணு ரெண்டாக ஒரு நாளாகும். ஊசி மருந்து அந்த அடுப்புல ஒட்டிக்கிட்டுச் சமையலைக் கெடுக்குது. சமைக்காமத் தூங்குற கிருமிய என்ன செய்ய? அது முழிக்கிறவரைக்கும் விடாமப் போட்டுத்தான் ஆகணும்."

மனித உடம்பின் அடுப்பு வேறு மாதிரி, அதில் மருந்து அவ்வளவாக ஒட்டாது என்றும் சொன்னார். "ஆனா சிலருக்குக் காதைக் கெடுக்குது. ஏன்னு எங்களுக்கே சரியாத் தெரியல. இரைச்சல் கேட்டா ஒடனே சொல்லணும்."

மாசி மாதம் காது இரைச்சல் கூட ஆரம்பித்தது. டாக்டர் கேட்டபோது, "மணி அடிக்கிறவன்யா நான். இருவது வருசமா இரையுது" என்று சிரித்தார். டாக்டரும் சிரித்துவிட்டார். ஊரிலும் அதே பேச்சுத்தான்: மணிக்குக் கீழே நிற்கிறவன் காது இரையாமல் யார் காது இரையும்?

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் வந்தது. இயேசு பாடுபட்டு இறந்த துக்கத்துக்காக, அன்றைய பூசையோடு மணிக்கயிற்றைச் சுருட்டிக் கட்டிவிடுவார்கள். ஈஸ்டர் இரவு வரை மரக்கட்டையைத் தட்டித்தான் ஊரைக் கூப்பிட வேண்டும். வருஷா வருஷம் அந்த நாட்களில் ராயப்பராஜின் காது ஓய்ந்துவிடும். அந்த வருஷம் ஓயவில்லை. பெரிய சனிக்கிழமை, சத்தமே இல்லாத கோயிலில் தனியாக உட்கார்ந்திருந்தவருக்கு இரண்டு காதும் அலறின. இது மணி இல்லை, ஊசி என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

சொன்னால் ஊசியை நிறுத்துவார்கள், நிறுத்தினால் இருமல் திரும்பும், பிள்ளை வராது. அவர் போட்ட கணக்கு இதுதான். டாக்டர் அளவைக் குறைத்திருப்பார், வேறு மருந்துக்கு எழுதிப் போட்டிருப்பார். வாயைத் திறந்து கேட்டிருந்தால் அல்லவா தெரியும்! நினைத்தால் கோபம்தான் வருகிறது, கூடவே அழுகையும். ஈஸ்டர் முடிந்த மறுநாளும் வழக்கம் போலப் போய் ஊசிக்குக் கையை நீட்டினார்.

சளி சுத்தமானது, அதற்குள் காது அடியோடு போயிருந்தது. அடுத்த தை பிறந்ததும் மனைவியையும் பிள்ளையையும் அனுப்பச் சொல்லி ஆள் விட்டார். தனக்குக் காது போனதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. எதிரில் இருப்பவர் வாயைப் பார்த்துக்கொண்டு, புரியாத இடத்தில் தலையாட்டியே காலம் தள்ளினார்.

அவர்கள் வந்து இறங்கியபோது ராயப்பராஜ் முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். செபஸ்தியம்மாள் பிள்ளையை முன்னால் தள்ளி, "கூப்புடுத்தா" என்றாள். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிக் கூட்டி வந்திருந்தாள்.

"அப்பா!"

அவர் திரும்பவில்லை. பிள்ளை மறுபடியும் கூப்பிட்டது. செபஸ்தியம்மாள் ஓடிப்போய் அவர் தோளைத் தொட்டாள்.

திரும்பியவர் பிள்ளையைப் பார்த்ததும் அப்படியே மண்டியிட்டார். "எங்கத்தா, அப்பான்னு சொல்லு!" தன் குரல் தனக்கே கேட்காததால் அது கத்தலாக வந்தது. ஜெயமேரி மிரண்டு, உதடு பிதுங்க, என்னவோ சொன்னது.

ராயப்பராஜ் மனைவியை அண்ணாந்து பார்த்தார். "கூப்புட்டுட்டாளா, செபஸ்தி?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஆமென்று தலையை ஆட்டினாள்.

அப்புறமும் கொஞ்ச நாள் ஜெயமேரி கூப்பிட்டுப் பார்த்தது. பதில் வராத வார்த்தையை எந்தப் பிள்ளை எத்தனை நாள் சொல்லும்? சோறு வேண்டுமென்றாலும் தூக்கச் சொல்ல வேண்டுமென்றாலும், சத்தமில்லாமல் வந்து அவர் வேட்டியைப் பிடித்து இழுக்கப் பழகிக்கொண்டது.