கண்ணாடிப் பெண்ணின் புடவை

அந்தப் பெண்ணின் புடவையைச் சுரண்டி எடுத்தது நான்தான். அதைப் பற்றி எங்கள் தெருவிலும் உறவிலும் பல விதமாகப் பேசிவிட்டார்கள். யாரும் என்னிடம் நேராகக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அப்போது எனக்குப் பதில் சொல்ல வாய் வந்திருக்காது. அதனால் இப்போது எழுதுகிறேன்.

திருச்சி பாலக்கரையில் என் தம்பிக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. பேன், மிக்ஸி, கிணற்று மோட்டார் எதுவானாலும் காயில் எரிந்துபோனால் எங்களிடம் வரும். முன்னால் தம்பி உட்கார்ந்து வருகிறவர்களோடு பேசுவான். பின்னால், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், நான் செம்புக் கம்பி சுற்றுவேன். பள்ளிக்கூடத்தோடு என் படிப்பு நின்றது. கல்யாணமும் அமையவில்லை. எண்பதுகள் தொடங்கியபோது எனக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தது. காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து தம்பியோடு பஸ்ஸில் வருவேன், மாலையில் அவனோடு திரும்புவேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உள்ளே ஒருத்தி இருப்பதே தெரியாது. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பழக்கமில்லாத ஆள் எதிரே வந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய கிளப்பை மூடினார்கள். அங்கே இருந்த சீலிங் பேன்களை மொத்தமாக எடுக்கப் போன தம்பி, மாட்டு வண்டியில் பேன்களோடு இன்னொன்றையும் ஏற்றிக்கொண்டு வந்தான். நாலு இரும்புக் கால் வைத்த நீளமான பெட்டி. மேலே கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே சரிவான பலகை, அதில் வட்ட வட்டமாகக் குமிழ்கள், விளக்குகள். ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் ஒரு எஃகுக் குண்டு மேலே ஓடி, குமிழ்களில் மோதி மோதிக் கீழே இறங்கும். அது பள்ளத்தில் விழாமல், பக்கத்தில் இருக்கும் பொத்தான்களை அமுக்கி இரண்டு சின்னத் துடுப்புகளால் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். பெட்டியின் தலைமாட்டில் ஒரு கண்ணாடி நிமிர்ந்து நிற்கும். மதிப்பெண் அதில்தான் ஓடும். வெளிநாட்டுச் சாமான். பின்பால் என்று அதற்குப் பெயர். வண்டியோடு வந்த கிளப் வாட்ச்மேன் குண்டு மிஷின் என்றார். எங்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

அந்த நிமிர்ந்த கண்ணாடியில் ஒரு பெண் கடற்கரையில் பந்தோடு நின்றாள். பச்சைப் புடவை, சிவப்புக் கரை, நெற்றியில் பொட்டு. முகம் மட்டும் வெள்ளைக்காரி முகம்.

"விருந்துக்கு வந்த வீட்டம்மாங்க பாத்துட்டு மூஞ்சியச் சுளிச்சாங்க," என்றார் வாட்ச்மேன். "படத்துல அந்தம்மா குளிக்கற உடுப்புல நின்னுது. மறுநாளே போர்டு எழுதறவரக் கூட்டியாந்து புடவை உடுத்தி விட்டோம்."

தம்பி மிஷினை வாங்கியது ஆடுவதற்காக இல்லை. உள்ளே செம்பு நிறைய இருக்கிறது, உருவி எடுத்துவிட்டுப் பலகையை ஆசாரியிடம் போட்டுவிடலாம் என்றான். நான் பலகையைத் தூக்கி உள்ளே பார்த்தேன். நூல்கண்டு அளவில் வரிசையாகக் காயில்கள். கலர் கலராக வயர்கள், பூச்சரம் தொடுத்த மாதிரி மெழுகு நூலால் முடிந்து முடிந்து கொண்டுபோயிருந்தார்கள். யாருமே பார்க்காத இடத்தில் அவ்வளவு ஒழுங்கு. அதைக் கட்டியவர்கள் எந்த ஊரோ, அவர்களும் ஒரு தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

நான் அதுவரை கட்டிய காயில் எல்லாம் ஏதோ ஒரு இரும்புக் கூட்டுக்குள் போய் மறைந்துவிட்டது. மோட்டார் ஓடினால் மோட்டாரைத்தான் பார்ப்பார்கள். ஒரு பொருளையாவது முழுசாக, கடையில் முதல் நாள் விற்பனைக்கு நின்ற பளபளப்போடு, என் கையால் வெளிச்சத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று ஆசை வந்தது. ஏன் கூடாது என்றும் தோன்றியது. உடைக்காதே, நான் சரி பண்ணுகிறேன் என்று தம்பியிடம் சொன்னேன். சிரித்தான். பிறகு, பொங்கலை ஒட்டிப் பொருட்காட்சி திறப்பார்கள், அங்கே விளையாட்டுக் கடைகள் போடும் காண்ட்ராக்டர் வாடகைக்கு எடுத்துக்கொண்டால் இருக்கட்டும், இல்லாவிட்டால் உடைத்துவிடுவேன் என்றான். அதுதான் எனக்குக் கிடைத்த கெடு.

மோட்டார் வேலை முடிந்த நேரமெல்லாம் அதன் முன்னால் உட்கார்ந்தேன். நம் ஊர் கரண்ட் அதற்கு இரண்டு மடங்கு. யாரோ அதை அப்படியே சொருகியதில் பல காயில்கள் கருகியிருந்தன. கரண்டைப் பாதியாக்கித் தரும் டிரான்ஸ்பார்மரை நானே சுற்றினேன். கருகிய காயில்களைப் பிரித்துச் சுற்று எண்ணி, அதே கனத்துக் கம்பியில் மறுபடி கட்டினேன்.

அதற்குப் பிறகும் மிஷின் அசையவில்லை. காரணம் பக்தி. கிளப்பில் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, அசைகிற இடத்திலெல்லாம் தையல் மிஷின் எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். இந்த மிஷினுக்கு எண்ணெய் ஆகாது. தகடும் தகடும் தொட்டுக் கரண்ட் பாய வேண்டிய இடமெல்லாம் காய்ந்து இருக்க வேண்டும். எண்ணெயும் குங்குமமும் சேர்ந்து அரக்கு மாதிரி இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெயும் பழைய வேட்டித் துணியுமாக ஒவ்வொரு தகடாகத் துடைத்தேன்.

அந்த வருஷம் எங்கள் கடை ஆயுத பூஜையன்று தம்பி மனைவி சந்தனக் கிண்ணத்தோடு அதன் பக்கம் வந்தாள். நான் மிஷினுக்கு முதுகைக் கொடுத்து மறித்து நின்றேன்.

"பூஜைக்குமா அண்ணி குறுக்க நிப்பாங்க?" என்றாள்.

இரும்புக் காலில் ஒரு பொட்டு வைக்க விட்டேன். மறுநாள் அதையும் துடைத்துவிட்டுக் கால்களைக் கழற்றி முலாம் போட அனுப்பினேன்.

குண்டு ஓடிய தடத்தில் பலகையின் வண்ணம் தேய்ந்து மரம் தெரிந்தது. மொத்தத்துக்கும் ஒரே நிறம் அடித்துவிடு என்றான் தம்பி. நான் கேட்கவில்லை. குமிழ்களின் மூடிகளுக்குக் கீழே, வெயில் படாத இடத்தில், பழைய நிறம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்து அட்டையில் கலந்து கலந்து, ஒத்துப்போன பிறகுதான் தூரிகையைப் பலகையில் வைத்தேன். குமிழ்களைச் சுற்றியிருந்த வெள்ளை ரப்பர் வளையங்கள் பொடிந்திருந்தன. சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டால் வேலை செய்யும். ஆனால் அது கறுப்பு. பெரியாஸ்பத்திரி எதிரே மருந்துக் கடையில் வெளுப்பான ரப்பர் குழாய் கிடைத்தது. அளவாக வெட்டி, பஞ்சர் ஒட்டும் பசையால் நுனிகளை ஒட்டினேன். குண்டிலும் துரு அரித்த குழிகள் இருந்தன. அதைப் போட்டால் புது வண்ணத்தை உரித்துவிடும். பேரிங் கடையில் அதே அளவில் கண்ணாடி மாதிரி ஒன்று வாங்கினேன்.

மிஷின் ஓடியது. முதல் தடவை குமிழ் குண்டைத் தட்டிவிட்ட சத்தத்தில் தம்பி எழுந்து உள்ளே வந்துவிட்டான். அவனும் ஆடினான். சும்மா சொல்லக் கூடாது, சந்தோஷமாகத்தான் ஆடினான்.

ஆனால் நிமிர்ந்த கண்ணாடி எனக்கு உறுத்தியது. அதற்குப் பின்னால் நான் எல்லா பல்பும் மாற்றியிருந்தேன். ஒவ்வொரு குண்டும் கிளம்பும்போது, புடவையின் முந்தானைக்கு நேர் பின்னால் ஒரு பல்பு அணைந்து அடுத்த பல்பு எரிந்தது. ஐந்து குண்டுக்கு ஐந்து பல்பு. முன்னால் ஒன்றும் தெரியவில்லை. கெட்டிப் பெயிண்ட் வெளிச்சத்தை அடைத்துக்கொண்டிருந்தது. எத்தனையாவது குண்டு ஆடுகிறோம் என்று காட்டும் இடத்தின் மேல்தான் முந்தானையைப் போட்டிருக்கிறார்கள். வாட்ச்மேன் சொன்ன ஒரு சண்டை அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூன்றாவது குண்டா நான்காவது குண்டா என்ற தகராறில் கிளப்பில் இரண்டு பெரிய மனிதர்களுக்குப் பேச்சே நின்றுபோயிருந்தது.

மூலைச் சட்டத்துக்குள் ஒளிந்திருந்த ஓரத்தில் சவர பிளேடை வைத்துப் பார்த்தேன். கம்பெனிக்காரர்கள் படத்தைக் கண்ணாடியின் பின்பக்கம் அச்சிட்டிருந்தார்கள். போர்டு எழுதுகிறவர் புடவையை முன்பக்கம் பூசியிருந்தார். பச்சை சுருள் சுருளாக வந்தது. கீழே படத்துக்கு ஒரு கீறல் இல்லை.

தம்பி மனைவி பார்த்துவிட்டு, முந்தானையை மட்டும் எடுத்தால் போதாதா அண்ணி என்றாள். முந்தானை இல்லாமல் பாதிப் புடவையோடு நிற்கிற பெண்ணை நினைத்துப் பார், அது இன்னும் மோசம் என்றேன். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பொட்டையாவது விட்டு வையுங்கள் என்று கேட்டாள். அதற்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் கை தயங்கியது. அதையும் எடுத்தேன். அவள் அந்தப் பொட்டோடு வரவில்லை.

தம்பி வந்து பார்த்தான். நீல நீச்சலுடையில் அவள் பந்தோடு நின்றாள். காலுக்குப் பக்கத்தில் ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். வானம் புத்தம் புதுசாக இருந்தது.

"கல்யாணமாகாத பொம்பள செய்யற வேலையா அக்கா இது?" என்றான். "நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"கோயில் தூண்ல நிக்கற பொம்பளைங்களுக்கு யாராவது புடவை உடுத்தி விட்டாங்களாடா? சின்னதுலேருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கோம்?"

"அது சாமி இருக்கற இடம்."

"இது நான் வேலை செய்யற இடம்."

அவ்வளவு நீளமாக நான் அவனை எதிர்த்துப் பேசியதே இல்லை. பிளேடைக் கீழே வைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காண்ட்ராக்டர் மோட்டார் பைக்கில் வந்தார். நான் தடுப்புக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மிஷினைப் பார்த்ததும் அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இதற்கு நாலு பக்கமும் துணி மறைப்புக் கட்டி, ஆண்களுக்கு மட்டும் என்று போர்டு வைத்து, தனி டிக்கெட் போடலாம் என்றார். தம்பி தலையைச் சொறிந்தான். அவனுக்கும் அது பிடிக்கவில்லை, ஆனால் மறுத்துச் சொல்லவும் வரவில்லை.

நான் வெளியே வந்தேன்.

"மறைப்புக்குள்ளன்னா மிஷின் வராதுங்க."

இது யாரு என்பது போலக் காண்ட்ராக்டர் தம்பியைப் பார்த்தார். அக்கா என்றான். "அப்ப பழையபடி புடவையக் கட்டி விடுங்க," என்றார் என்னிடம். "ரெண்டுல ஒண்ணு."

"ரெண்டும் இல்லைங்க. எல்லாருக்கும் நடுவுல, இப்படியேதான் இருக்கணும்."

"எவனாவது வாய் விடுவான். குடும்பத்தோட வர்றவங்க திட்டுவாங்க. யாரு பக்கத்துல நின்னு பதில் சொல்லறது? நீங்க நிப்பீங்களா?"

என்னைப் பார்த்ததுமே நான் நாலு பேர் முன்னால் நிற்காதவள் என்று அவர் கணக்குப் போட்டுவிட்டார். நிற்கிறேன் என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, சரி, நீங்கள் நிற்கிற வரைக்கும் மிஷின் இருக்கட்டும், நீங்கள் வராத அன்றைக்கு நான் மறைப்புக் கட்டிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை பஸ் காவிரிப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது தம்பி மெதுவாகச் சொன்னான். "காண்ட்ராக்டர்கிட்ட நீ வரலேன்னு சொல்லிடறேன் அக்கா. உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? நாளைக்கு நான் அத உடைச்சுடறேன்."

"உடை," என்றேன். "ஆனா அதுக்கப்புறம் காயில் கட்ட வேற ஆள் பாத்துக்கோ."

அம்மாமண்டபத்தில் இறங்கும்போது, பொருட்காட்சிக்கு மிஷினை ஏற்ற வண்டி சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னான்.

பொருட்காட்சியில் ராட்டினத்துக்கும் அப்பளக் கடைக்கும் நடுவில் மிஷின் நின்றது. பக்கத்தில் நான் நின்றேன். முதல் நாள் வந்த பையன்கள் கூட்டத்தில் ஒருவன் கண்ணாடியைப் பார்த்து ஏதோ சொன்னான். மற்றவர்கள் சிரித்தார்கள். மிஷினுக்குப் பின்னால் கையை விட்டு ஸ்விட்சை அணைத்தேன். எல்லா விளக்கும் போய்விட்டது. அவனுடைய குண்டு பேசாமல் பள்ளத்தில் விழுந்தது.

"பேசினா மிஷின் நிக்கும்," என்றேன். "ஆடறவங்க மட்டும் ஆடுங்க."

அதற்கு மேல் ஒரு வார்த்தை எனக்கு வராது. வேண்டியிருக்கவும் இல்லை. வரிசையில் நின்ற மற்றவர்களே அவனை வெளியே தள்ளிவிட்டார்கள். அதன் பிறகும் பல மாலைகளில் ஸ்விட்சுக்கு வேலை இருந்தது. ஆனாலும் காண்ட்ராக்டர் எதிர்பார்த்தது நடக்கவில்லை. ஒரு நாள்கூட நான் போகாமல் இருக்கவில்லை.

பெண்கள் முதலில் தூரத்திலேயே நின்றார்கள். முசிறியிலிருந்து வந்த ஒரு அம்மாதான் முதலில் கிட்டே வந்தாள். என் வயசு இருக்கும். புருஷனும் இரண்டு பெண் பிள்ளைகளும் பின்னால் நின்றார்கள். கண்ணாடியை நிதானமாகப் பார்த்தாள்.

"பாவம், இவளுக்குக் குளிராது?"

"அது வெயில் ஊருங்க," என்றேன்.

"நம்ம ஊரும் வெயில் ஊருதான்," என்று சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்பிரிங்கை இழுத்தாள். துடுப்பைத் தட்டுவதில் அவளுக்கு நல்ல கை. புருஷன் முசிறி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கூப்பிட்டான். அவள் திரும்பாமலேயே சொன்னாள்.

"இருங்க. மூணுதான் எரியுது. இன்னும் ரெண்டு குண்டு பாக்கி இருக்கு."

அவளுக்குப் பிறகு அவள் பெண்கள் ஆடினார்கள். பிறகு அப்பளக் கடைக்காரரின் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அடுத்த நாட்களில் பெண்களுக்குத் தனி வரிசை விட வேண்டியிருந்தது. யாரும் கல்லெறியவில்லை.

பொருட்காட்சி முடிந்ததும் மிஷினைத் தஞ்சாவூருக்கு எடுத்துப்போகலாமா என்று காண்ட்ராக்டர் கேட்டார். மறைப்புப் போட மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அங்கே யார் பக்கத்தில் நிற்பது என்று கேட்டேன். ஆள் போடுகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கடை வாசலில் மிஷினை வண்டியிலிருந்து இறக்கும்போது, பின்னால் வைக்க இடம் ஒழித்திருக்கிறேன் என்றான் தம்பி. நான் வண்டிக்காரரிடம் முன் அறையைக் காட்டினேன். மோட்டார்கள் அடுக்கியிருந்த இடம், தெருவிலிருந்து பார்த்தாலே தெரியும்.

"இங்க வச்சா வர்றவங்க எப்படி அக்கா உள்ள வருவாங்க?"

"சுத்திக்கிட்டு வரட்டும்," என்றேன்.

சுற்றிக்கொண்டுதான் வருகிறார்கள்.