அடுத்த வரிக்குப் போன விடை

தாட்சாயினி படித்தது ஜாவா என்ற நிரல்மொழி. அதில் ஒரு கட்டளையை எத்தனை வரிகளுக்கு உடைத்து எழுதினாலும் செமிகோலன் என்ற அரைப்புள்ளி வரும்வரை அது முடியாது. முதியோர் பராமரிப்புக்கு மென்பொருள் எழுதும் சிறு நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தபோது ஜாவாஸ்கிரிப்ட் என்ற வேறு மொழிக்கு மாறினாள். பழைய பழக்கமும் கூடவே வந்தது.

பராமரிப்பாளர் ஒரு வீட்டுக்குப் போகத் தவறினால் அலுவலகத்தில் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும். தவறினாரா இல்லையா என்று கணித்துச் சொல்லும் பகுதியை அவள்தான் எழுதினாள். விடையைத் திருப்பி அனுப்பும் 'ரிட்டர்ன்' என்ற சொல்லை ஒரு வரியில் எழுதி, நீண்ட நிபந்தனையை அடுத்த வரிக்கு இறக்கினாள், கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று. ஜாவாஸ்கிரிப்டோ 'ரிட்டர்ன்' நின்ற இடத்திலேயே கட்டளை முடிந்ததாக எடுத்துக்கொண்டு விடை எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பியது. பிழை என்று ஒரு சொல்கூடக் காட்டவில்லை. அவள் எழுதியதைச் சரிபார்த்த சக ஊழியன் ஜெராட்டும் கவனிக்கவில்லை.

பனிப்புயலில் பஸ்கள் நின்றுபோன ஒரு நாள், செயின்ட்-மிஷேல் பகுதியில் தனியாக இருந்த முதியவர் அருமைராசா குளியலறையில் விழுந்தார். அன்று வரவேண்டிய பராமரிப்புப் பெண் வரவில்லை. எச்சரிக்கையும் ஒலிக்கவில்லை. மறுநாள் மகள் அஞ்சலீனா கதவைத் திறந்தபோது மூச்சு மட்டும் மிஞ்சியிருந்தது. ஆஸ்பத்திரியில் அதுவும் நின்றது.

எழுதியதைத் திரும்பத் திறந்து பார்த்தபோதுதான் தாட்சாயினிக்கு அந்த வரி கண்ணில் பட்டது. 'தொழில்நுட்பக் கோளாறு' என்று மட்டும் நிறுவனம் குடும்பத்துக்கு அறிவித்தது.

"ரெண்டு பேரும்தானே பார்த்தனாங்கள். நீர் மட்டும் சுமக்காதையும்," என்றான் ஜெராட்.

அடக்கத் திருப்பலி முடிந்ததும் தாட்சாயினி அஞ்சலீனாவிடம் போனாள்.

"அக்கா, அந்த எச்சரிக்கையை எழுதினது நான்."

"என்ன பிழை விட்டனீங்கள்?"

"ஒரு சொல்லுக்குப் பக்கத்தில எழுத வேண்டியதை அடுத்த வரியில எழுதிப்போட்டன்."



"அவ்வளவுதானோ?"

"ஓம், அக்கா."

"பெரிய பிழையா இருந்திருந்தாலாவது மனம் ஆறியிருக்கும், பிள்ளை. அப்பா விடியும்வரைக்கும் கூப்பிட்டிருப்பார்." கண்ணைத் துடைத்தாள். "உங்கட ஆக்கள் எனக்கு ஒண்டும் விளங்கப்படுத்தேல்லை. நீங்கள் சொன்னதை எழுதித் தருவீங்களோ?"

தாட்சாயினி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். நிறுவனத்துக்குத் தெரிந்ததும் வேலை போனது. அஞ்சலீனா அதன்பின் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடுவாள் என்று தாட்சாயினி எதிர்பார்க்கவும் இல்லை.

கோடையில் ஒருநாள் மெட்ரோவில் ஜெராட் எதிர்ப்பட்டான்.

"பேசாம இருந்திருக்கலாமே. ஏன் எழுதிக் குடுத்தனீர்?"

"அவா கேட்டவா," என்றாள் தாட்சாயினி.