தங்கச்சியின் பக்கெட்

தங்கச்சிக்கு மாதம் இரண்டு பக்கெட் திரிபோஷா கிடைத்தது. எடை போதாத சின்னப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் சத்துமாப் பொட்டலம் அது. அம்மா அதில் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடிப்பார். எனக்கு ஏழு வயது. எனக்கு அந்த மா கிடையாது. தங்கச்சி தின்று முடியும்வரை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கஹவத்தைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் இருந்தோம். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் எடை நிறுக்கும் நாளில், அம்மா றப்பர் பால் வெட்டிக் கொடுத்துவிட்டு வரும்வரை தங்கச்சியை நான்தான் வைத்திருக்க வேண்டும். ஒரு முறை, போகும் வழியில் இரண்டு கற்களைப் பொறுக்கி அவள் கவுன் பைக்குள் போட்டேன். எடை கூடினால் பக்கெட் நின்றுவிடும். எனக்கு இல்லாதது அவளுக்கும் வேண்டாம்.

அன்று திடீரென்று நல்ல மழை பிடித்தது, கூட்டமும் அதிகம். வழக்கமாகக் கவுனைக் கழற்றச் சொல்லும் தோட்டத்து மருத்துவமாது மிஸ்ஸி, அன்று அப்படியே தராசில் தொங்கவிட்டார். எடை அட்டையில் புள்ளி பச்சைக் கோட்டுக்கு மேலே ஏறியது.

"பபா ஹொந்தட்ட எடை கூடியிருக்கு. இனி பக்கெட் வேணாம்" என்றார், பாதி சிங்களத்தில்.

தங்கச்சியை இறக்கியதும் கற்களை வடிகானில் எறிந்தேன். பிறகு நனைந்துகொண்டு வந்த அம்மாவிடம் செய்தியைச் சொன்னேன். அழுவார் என்று காத்திருந்தேன். அவரோ தங்கச்சியை அள்ளி முத்தமிட்டார். லயத்து வீடுகள் முழுக்க அந்த அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினார். பக்கெட் போனதற்கு ஒருத்தி இப்படிச் சிரிப்பாளா? எனக்கு இன்னும் எரிந்தது.

அடுத்த மாதம் கவுன் இல்லாமல் நிறுத்தார்கள். புள்ளி பழைய இடத்துக்கும் கீழே இறங்கியிருந்தது.

"ஒரு மாசத்துல இவ்வளவு கொறையுமா? புள்ளைக்குத் திங்கக் குடுக்கிறதில்லையா?" மிஸ்ஸி எல்லார் முன்னாலும் கேட்டார்.

"குடுக்கிறேங்க மிஸ்ஸி. சத்தியமா குடுக்கிறேங்க."

அம்மாவின் குரல் உடைந்தது. நான் அவர் சேலைக்குப் பின்னால் நின்றேன். இரண்டு பக்கெட்டையும் அம்மா தலை குனிந்தபடியே வாங்கிக்கொண்டார்.

அன்று பின்னேரம் உருண்டை பிடித்தபோது நான் வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

"இங்க வா. நீயும் எளச்சிதான் போயிட்ட" என்று அம்மா ஒன்றை என் கையில் வைத்தார். தங்கச்சியுடையதைவிடச் சிறியதா என்று ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு, ஒரே வாயில் போட்டுக்கொண்டேன்.

இரண்டே உருண்டைதான் பிடித்திருந்தார். சட்டியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நக்கிவிட்டு, ஒரு கோப்பை தண்ணீர் குடித்தார். அம்மாவுக்குத் திரிபோஷா பிடிக்காது என்றுதான் ரொம்பக் காலம் நினைத்திருந்தேன்.