விசில் டீச்சர் கொடுத்த ரவுண்டுகள்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளை யாரும் பி.டி. டீச்சர் என்று சொன்னதில்லை, விசில் டீச்சர்தான். ஒரே மூச்சில் நீளமாக ஒரு விசில் ஊதுவாள். அது நிற்பதற்குள் மொத்த வகுப்பும் வரிசையில் நிற்க வேண்டும். பிந்தினால் மைதானத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு. அழுதாலும் சரி, கெஞ்சினாலும் சரி, ரவுண்டு ரவுண்டுதான்.

இரண்டு வருஷம் பெருங்குடல் புண் அவளைப் பாடாய்ப் படுத்தியது. ரத்தமும் சளியுமாக நாளைக்குப் பத்துத் தடவை. மைதானத்தில் நின்றதைவிடக் கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் இருந்ததுதான் அதிகம். பிறகு பயாலஜிக் என்று ஒரு மருந்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். இரண்டே டோஸில் வயிறு அடங்கியது. அப்பாடா என்று மைதானத்துக்குத் திரும்பினாள்.

திரும்பினால், பிள்ளைகள் சோம்பேறிகளாகிக் கிடந்தார்கள். முதல் வாரம் ஐந்து பேர் பிந்தினார்கள், மூன்றாம் வாரம் பாதி வகுப்பு. சளைக்காமல் ரவுண்டு கொடுத்தாள். கடைசியில் ஏழாம் வகுப்பு லீடர் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டேவிட்டாள்: "நாங்க அதே வேகத்துலதான் வர்றோம் டீச்சர். உங்க விசில்தான் பாதியிலேயே நின்னுடுது."

சுருக்கென்றது. ஸ்டாப்வாட்சை அழுத்திக்கொண்டு ஊதினாள். முன்பெல்லாம் பதினைந்து விநாடி. இப்போது ஆறு, ஏழாவதில் வறட்டு இருமல். மாடிப்படியில் மூச்சு இரைத்ததற்கும் மைதானப் புழுதியைத்தானே திட்டிக்கொண்டிருந்தாள், மட்டி!

மூன்றாவது டோஸுக்குப் போனவள் கையை நீட்டவில்லை. "இந்த மருந்து ஏறினதிலேருந்து இருமுது, மூச்சு இரைக்குது. முதல்ல என் நெஞ்சை ஸ்கேன் எடுங்க."

"புழுதியில நிக்கிறீங்க, இருமத்தான் செய்யும். இந்த மருந்தால நுரையீரல் கெடறது ரொம்ப அபூர்வம்மா," என்றார் குடல் டாக்டர்.

"அபூர்வம்னா யாருக்குமே வராதா சார்? பதினெட்டு வருஷமா அதே புழுதி. மருந்துதான் புதுசு."

துணைக்கு வந்த அக்கா முழங்கையால் இடித்தாள். "வாயை மூடுடி. இதை நிறுத்தினா திரும்பக் கக்கூஸே கதின்னு கிடப்பே."

அவளுக்கு மட்டும் அந்தப் பயம் இல்லையா என்ன? "கிடக்கிறேன்க்கா. மூச்சோட கிடக்கிறேன்," என்றாள். கை மடியைவிட்டு நகரவில்லை.

ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் வெள்ளைத் திட்டுகள். காசநோயோ வேறு கிருமியோ இல்லை என்று உறுதி செய்தபின், மருந்து கிளப்பிவிட்ட அழற்சிதான் என்றார் நெஞ்சு டாக்டர். இன்னொரு டோஸ் ஏறியிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கலாம். அதை நிறுத்தி ஸ்டீராய்டு கொடுத்தார்கள். குடலுக்கு வேறு வகை மருந்து. "நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும்," என்றார் குடல் டாக்டர். அந்த மட்டுக்கும் பெரிய மனசுதான். நடுவில் ஒரு மாதம் வயிறு மறுபடி ஆட்டம் போட்டது. போடட்டும் போ என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து மைதானத்துக்கு வந்தவள், விசிலை லீடர் பெண்ணிடம் கொடுத்துவிட்டுத் தனியாக நடக்க ஆரம்பித்தாள். ஹெட்மாஸ்டர் பதறி ஓடிவந்தார். "நிழல்ல உட்காருங்க டீச்சர், எதுக்கு இந்த வீம்பு?"

"அநியாயமா நூத்தி நாற்பது ரவுண்டு கொடுத்திருக்கேன் சார்," என்றாள் நிற்காமல். "தினம் ஒண்ணுன்னு அத்தனையும் நடந்து முடிச்சுட்டுத்தான் உட்காருவேன்."

மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். சுற்றி முடித்து வந்தபோது, வரிசையில் நின்ற மொத்த வகுப்பும் கத்தியது: "ஒண்ணு!"