பாம்புக்கு ஒரு கழி

வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் என் மருமகள் தண்ணீர் வருமா என்று கேட்பாள், மகன் வாடகையைக் கேட்பான். நான் மட்டும் அண்ணாந்தபடியே கம்பி எந்த வழியாக உள்ளே வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டு நடப்பேன். வீட்டுக்காரர்களுக்கு எரிச்சல் வரும். "அந்தம்மாவுக்கு இன்னா வேணுமாம்?" என்பார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கரண்ட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பயப்படத் தெரியும், அவ்வளவுதான். அந்தப் பயமும் மிகவும் தாமதமாகத்தான் வந்தது. வர வேண்டிய வயதில் நான் வேறொன்றைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன்.

அப்போது நாங்கள் சாம்பியன் ரீப்ஸ் என்கிற தங்கச் சுரங்க ஊரில் மேஸ்திரியின் வரிசை வீட்டில் குடியிருந்தோம். சுரங்கத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவர் மேஸ்திரி. அவர் பேர் கொடுத்தால்தான் ஷிஃப்ட். அவர் இடம் கொடுத்தால்தான் வீடு. சுரங்கக் கம்பெனியின் நிலத்தில், கம்பெனியிடம் கேட்டுக் கட்டியிருந்தார்: முன்னால் அவருடைய மளிகைக் கடை, பின்னால் மூங்கில் தட்டிச் சுவரும் தகரக் கூரையுமாக வரிசையாக அறைகள். ஓர் அறையில் நைனா, அம்மா, நான். அடுத்த அறையில் சித்தப்பாவும், குடியாத்தத்திலிருந்து அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சின்னம்மாவும்.

மைனுக்குக் கரண்ட்டு வந்து, அப்புறம் தொரைமார் பங்களாக்களிலும் விளக்கு எரியத் தொடங்கியிருந்த காலம் அது. மேஸ்திரி யார் யாரையோ பிடித்துத் தன் கடைக்கும் ஒரு கம்பி இழுத்துக்கொண்டார். கடையிலிருந்து எங்கள் வரிசைக்கு. இரண்டு அறைக்கு ஒரு பல்பு. நடுத்தட்டியில் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை வெட்டி அதில் பல்பைத் தொங்கவிட்டார்கள். பாதி வெளிச்சம் எங்களுக்கு, பாதி சின்னம்மாவுக்கு. வாடகை மட்டும் இரண்டு பக்கமும் முழுசாக ஏறியது. சுவிட்சு கடையில், மேஸ்திரி கைக்கு எட்டுகிற இடத்தில். கடைக்கும் எங்களுக்கும் அந்த ஒரே சுவிட்சுதான்; அவர் போட்டால் எரியும்.

சாயங்காலம் பல்பு எரிந்ததும் சின்னம்மா அந்த ஓட்டையில் முகத்தை வைப்பாள். "ஏ குட்டி, எங்கூட்டு வெளிச்சம் உங்கூட்ல வந்து வுழுந்துடிச்சி. பொறுக்கிக் குடுடி!" நான் தரையிலிருந்து கைநிறைய அள்ளி அவளிடம் நீட்டுவேன். "இன்னாடி, இவ்ளோதானா? மிச்சத்த உங்கம்மா கொழம்புல போட்டுட்டாளா?" என்பாள். அம்மாவும் சிரித்துவிடுவாள்.

கம்பெனியில் ஒரு சட்டம் இருந்தது. வாடகைக்கு விடுகிற வீட்டில் கரண்ட்டு இழுத்தால், கம்பி மூடி போட்ட மரப்பட்டிக்குள்தான் போகவேண்டும். தட்டியிலும் தகரத்திலும் படக்கூடாது. கரண்ட்டு ஆபீஸ் தொரை வந்து பார்த்துச் சரி என்று சொல்லவேண்டும். மேஸ்திரி கடைக்குள் மட்டும் மரப்பட்டி போட்டிருந்தார், வார்னிஷ்கூட அடித்து. எங்கள் வரிசையில் கூரை ஓரமாக, ஆணிக்கு ஆணி தொங்கிக்கொண்டு, நூல் சுற்றிய கம்பி ஓடியது. அங்கங்கே நூல் பிய்ந்து செம்பு தெரியும். வெயிலில் அது மின்னுவது எனக்கு அழகாக இருக்கும்.

தொரை வருகிறார் என்று சேதி வந்த காலையில் மேஸ்திரி வரிசைக்குள் வந்தார். "வூட்ல கீற பொடவை எல்லாம் நனச்சி கம்பி மேல போடுங்கம்மா. தொர போற வரைக்கும் எடுக்காதீங்க. சுவிட்சு ஆப்ல கீது, ஒண்ணும் ஆவாது."

"தொர உள்ள பூந்து பாத்தாருன்னா?" என்று அம்மா கேட்டாள்.

"பொம்பளைங்க பொடவைக்குள்ள எந்தத் தொரையும் பூரமாட்டான், போம்மா."

"இவரு பூருவாரு" என்று சின்னம்மா அம்மாவின் காதில் சொன்னது வரிசை முழுக்கக் கேட்டது. மேஸ்திரி காதில் விழாத மாதிரி நடந்தார்.

தொரை வந்தார். கடையில் மரப்பட்டியைத் தட்டிப் பார்த்தார். வரிசை முனைக்கு வந்ததும் ஈரச் சேலைகள் சொட்டிக்கொண்டிருப்பதையும் பெண்கள் முக்காடு போட்டு நிற்பதையும் பார்த்துத் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் சின்னம்மா சோற்றுச் சட்டியைத் தலையில் கவிழ்த்து, தொரை மாதிரியே தூக்கித் தூக்கிக் காட்டினாள். அன்றைக்குச் சிரித்த மாதிரி அந்த வரிசை அப்புறம் சிரிக்கவில்லை.

அதோடு போயிருக்கலாம். ஆனால் துணி போட அதைவிட நல்ல இடம் இல்லையென்று அன்றைக்குத்தான் எல்லோரும் கண்டுகொண்டார்கள். வெளியே கட்டிய கொடியில், தங்கக் கல்லை அரைக்கிற மில்லிலிருந்து பறக்கிற மணல் தூசி படியும். கூரை ஓரத்தில் படியாது. பகலில்தான் கரண்ட்டு கிடையாதே, விளக்கு எரிவதற்குள் எடுத்துவிட்டால் போயிற்று. மேஸ்திரி போகவர பார்த்தார். தான் சொல்லிக் கொடுத்ததைத் தானே எப்படி வேண்டாமென்பார்?

மழைக்காலம் வந்தது. ஒரு மத்தியானம் திடீரென்று வானம் இருட்டிக்கொண்டது. கடையில் தராசு முள் தெரியவில்லை என்று மேஸ்திரி சுவிட்சைப் போட்டிருக்கிறார். நான் அறைக்குள் இருந்தேன். ஓட்டையில் பல்பு எரிந்ததும் எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். பகலிலேயே விளக்கு! "சின்னம்மா, உங்கூட்டு வெளிச்சம் வந்துடிச்சி!" என்று கத்தினேன். ஓட்டைக்கு முகம் வரவில்லை. சாரல் அடிக்கிறதென்று அவள் துணி எடுக்க ஓடியிருந்தாள்.

வெளியே அம்மா அலறுவது கேட்டது. நான் வாசலுக்குப் போவதற்குள் பல்பு அணைந்துவிட்டது. சின்னம்மா சேற்றில் கிடந்தாள். கையில் பாதிச் சேலை இருந்தது. அம்மா அதை விடுவித்தபோது உள்ளங்கையில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது.

ஷிஃப்ட் முடிந்து வந்த ஆண்களை மேஸ்திரி குழாயடிக்குக் கூட்டிப் போனார். மழையில் நனைந்துகொண்டே நெடுநேரம் பேசினார்கள். "தொரைக்குத் தெரிஞ்சா வூட்ட எல்லாம் பிரிச்சுடுவான். இத்தினி குடும்பமும் எங்கடா போவும்?" என்று மேஸ்திரி சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. நைனா சித்தப்பாவின் தோளில் கை வைத்தார். சித்தப்பா தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்தபோது எல்லோரும் பாம்பு என்றார்கள். "துணி மேல படுத்துக்கினு இருந்திச்சி, கையில கொத்திடிச்சி" என்று அம்மா என்னிடம் சொன்னாள். அந்தக் கறுப்புக் கோட்டைத்தான் நானே பார்த்தேனே, நம்பாமல் என்ன? துக்கம் கேட்க வந்தவர்கள் சித்தப்பாவிடம் கேட்டார்கள். அவரும் "பாம்பு" என்றார்.

என்னைப் பிடித்த பயம் கொஞ்சமில்லை. பாயை உதறாமல் உட்கார மாட்டேன். சட்டிக்குள் குனிந்து பார்க்காமல் கை விட மாட்டேன்.

வரிசையில் ஒரு பெண் செத்த சேதி எப்படியோ ஆபீசுக்கு எட்டி, தொரை மறுபடி வந்தார், இந்த முறை வயர்மேன் ஒருவரையும் கூட்டிக்கொண்டு. மேஸ்திரி முன்னாலேயே ஓடிவந்து அதே பேச்சைப் பேசினார்: "பொடவையப் போடுங்கம்மா. சுவிட்சு ஆப்லதான் கீது." யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் ஒருத்தியும் கையால் போடவில்லை. ஆளுக்கொரு காய்ந்த மூங்கில் கழியால் சேலையைத் தூக்கித் தூக்கிக் கம்பியில் போட்டார்கள். பாம்பு இருந்தால் அடிக்கத்தான் கழி என்று எனக்குத் தோன்றியது. நானும் ஒரு கழியை எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் போட்டு முடிப்பதற்குள் தொரை வந்துவிட்டார். வயர்மேன் அம்மாவைப் பார்த்து, "இன்னாத்துக்கும்மா கழியில போட்றீங்க? கையி இல்ல?" என்றார்.

அம்மா கழியைக் கீழே போட்டாள். மற்றவர்கள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்கள். மேஸ்திரியின் முகத்தில் வேர்த்து வழிந்தது. சித்தப்பா தன் வாசலில் உட்கார்ந்திருந்தவர் தலையை நிமிர்த்தினார். ஏதோ சொல்லப்போகிற மாதிரி எழுந்தார்.

பதில் எனக்குத் தெரியும். "பாம்புக்கு சார்!" என்றேன். "எங்க சின்னம்மாவக் கடிச்சிடிச்சி. அந்தத் துணி மேலதான் படுத்துக்கினு இருந்திச்சி."

வயர்மேன் அதைத் தொரைக்குச் சொன்னார். தொரை என்னைப் பார்த்தார். குழந்தை பொய் சொல்லாது என்று நினைத்திருப்பார். நான் சொன்னது எனக்குப் பொய்யும் இல்லை. என் தலையைத் தடவிவிட்டுத் தொப்பியைத் தூக்கினார், போய்விட்டார்.

மேஸ்திரி கடைக்குள் ஓடிப்போய்க் கமர்கட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "கெட்டிக்காரப் பொண்ணு" என்றார். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். சித்தப்பா எழுந்தது எழுந்தபடியே நின்றார். அவருக்கும் கமர்கட்டு வேண்டும்போல என்று நினைத்து, கடித்துப் பாதியை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். வாயில் போடாமல் கைக்குள் மூடிக்கொண்டு, ஷிஃப்டுக்கு நேரம் இருந்தும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலமும் ஓட்டையில் பல்பு எரிந்தது. அதன் கீழேதான் என் பாய். கழியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். வெளிச்சம் இருக்கிறது, பாம்பு வந்தால் தெரிந்துவிடும் என்று, கம்பிக்கு நேர் கீழே நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.