பனை உச்சியைத் தரையென்று எண்ணிய படம்

வெள்ளம் எங்கே வரும் என்று கணினியில் கணக்குப் பார்ப்பது என் வேலை. சொல்லும்போது பெரிதாகத்தான் இருக்கிறது. மாரி தொடங்கினால் எனக்கு அலுப்பும் தொடங்கிவிடும்.

முதலில் எங்களிடம் இருந்த நில உயரத் தரவு வானிலிருந்து செய்மதி எடுத்தது. அது நிலத்தைப் பெரிய சதுரங்களாக வெட்டி, ஒரு சதுரத்துக்கு ஒரே உயரம் கொடுக்கும். கண்டாவளையில் அக்கா தனியாக இருக்கிறாள். அவளுடைய வீடு, கிணறு, மாட்டுக்கொட்டில் எல்லாம் ஒரே சதுரத்துக்குள் அடங்கிவிடும். சுற்றிவரப் பனங்கூடல். செய்மதி பனையின் தலையைத் தரை என்று எண்ணிக்கொண்டது. அதனால் அவள் வளவு படத்தில் குன்று. வளவுக்கு முன்னால் மண் கொட்டி உயர்த்திய றோட்டோ சதுரத்தை விட ஒடுக்கம், ஆகவே படத்தில் இல்லவே இல்லை. வெள்ளத்தை அவள் பக்கம் மறித்து வைக்கப்போவதே அந்த றோட்டுத்தான்.

இந்தப் பிழை பிடிபடுவதற்கு முன்பு, தீபாவளிக்குப் போனபோது அவள் கேட்டாள் என்று போனில் படத்தைக் காட்டினேன். ஊரெல்லாம் வெள்ளத்தின் நீலம், அவள் வளவு மட்டும் மேடு. அக்கா அப்படி நிம்மதியாகச் சிரித்து நான் கனகாலம் பார்த்ததில்லை.

பிறகு ட்ரோன் வைத்து அளந்த தரவு கிடைத்தது. மரங்களைக் கழித்து, வெறும் தரையைச் சின்னச் சின்னச் சதுரங்களாக்கிக் கணக்கைத் திரும்ப ஓட்டினோம். கணினி முக்கி முனகியது. மழை அதற்காகக் காத்திருக்கவில்லை. ஒருவழியாக வந்த படத்தில் அக்காவின் வளவு கிண்ணம் போலக் கிடந்தது, முழுக்க நீலம்.

மழைக்குள் மோட்டார் சைக்கிளில் ஓடினேன்.

“இஞ்சை வெள்ளம் வரப்போகுது. பள்ளிக்கூடத்துக்குப் போவம், அக்கா. வெளிக்கிடுங்கோ.”

“உன்ரை பழைய படம்தான் எனக்குச் சரி, தம்பி. எத்தினை தரம் மூட்டை கட்டினனான்? இனி எனக்கு ஏலாது.”

பனை, றோட்டு, சதுரம் எல்லாம் விளக்கினேன். அவள் குசினியில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் மீதா, அந்தப் பாழாய்ப்போன பழைய படத்தின் மீதா என்று தெரியவில்லை. சொல்லிச் சொல்லி வாய் உளைந்ததுதான் மிச்சம். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“அப்ப நானும் போகமாட்டன். இஞ்சையே இருக்கிறன்.”

முற்றத்தில் தண்ணீர் தேங்கத் தொடங்கியிருந்தது. அக்கா அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“உனக்கு நீந்தவும் தெரியாதேடா,” என்று சொல்லிவிட்டு, எழும்பிப் போய் மாட்டை அவிழ்த்தாள்.