மிளகு புடைக்கும் கை

தலைச்சோலை மலைக்கிராமத்துத் தேவகுமாரிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. நடுக்கவாதம் வந்து, மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து மின்சாரம் கொடுக்கத் தொடங்கிய பிறகும் அப்படித்தான். அவள் மணிக்கட்டில் கட்டிய கடிகாரம் கை நடுங்குவதைக் கவனிக்கும். அதை வைத்து ஒரு கணினி அந்த மின்சாரத்தைத் தானாகக் கூட்டும், குறைக்கும்.

மிளகு சீசனில் அவளுக்கு நாக்குக் குழறியது. காலை பதினொரு மணியானால் பேச்சு வராது. உள்ளுக்குள் ஒரே பரபரப்பு. வீட்டுக்கும் களத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

சேலத்தில் அவளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஹேமலதா, கடிகாரத்தின் பதிவைத் திரையில் பார்த்தார். "தினமும் பத்து மணிக்கு நடுக்கம் நொம்ப ஏறுதுங்களே. அப்ப என்ன பண்ணுவீங்க?"

"மொளகு பொடைப்பனுங்க."

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். முறம் ஆட்டும் கையை நோய் என்று எண்ணிக் கணினி தினமும் மின்சாரத்தை ஏற்றியிருக்கிறது. அது அளவுக்கு மிஞ்சித்தான் நாக்குக் குழறியிருக்கிறது.

"பொடைக்கறப்ப கடியாரத்தக் கழட்டி வெச்சிருங்கம்மா."

தேவகுமாரிக்குச் சுருக்கென்றது. "நானெதுக்குங்க கழட்டோணும்? நோவு வந்து ஆறு வருஷந்தானுங்க. இந்தக் கை நாப்பது வருஷமாப் பொடைக்குது. வித்தியாசம் தெரியலீன்னா அந்த மிஷின் கத்துக்கட்டும்."

அடுத்த முறை முறத்தோடு பஸ் ஏறினாள். டாக்டரின் அறையிலேயே, கடிகாரம் கட்டிய கையால் ஒரு படி மிளகைத் தூசி போகப் புடைத்தாள். கணினி அதைப் பதிந்துகொண்டது.

முறத்தைக் கீழே வைத்தாள். மடியில் வெறுமனே கிடந்த கை தானாக நடுங்கத் தொடங்கியது. அதைத் திரைக்கு நேரே நீட்டினாள்.

"இதுதானுங்க நோவு. முன்ன பாத்தது என்ர வேலை. இனி ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்லப்படாதுன்னு அந்த மிஷினுக்குச் சொல்லி வைங்க."